இன்ஜின் நின்றால் எங்கே, எப்படி இறங்குவது? கட்டாயத் தரையிறக்கப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செஸ்னா 152, 172 போன்ற ஒற்றை இன்ஜின் விமானங்களில் பயிற்சி எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எண்கள் பெரும்பாலும் 172-எஸ் மாடலுக்கு உரியவை. உங்கள் விமானத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். "உயரம்" என்று சொல்லும் இடமெல்லாம் நிலத்திலிருந்து உள்ள உயரம். இவற்றில் எதையும் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் முதன்முறையாகச் செய்து பார்க்காதீர்கள்.

இன்ஜின் நின்னா விமானம் கல்லு மாதிரி விழுந்துடாதா?

விழாது. விமானத்தைத் தாங்குவது இறக்கை. இறக்கைக்கு வேண்டியது காற்றில் வேகம். இன்ஜின் இருக்கும்போது அந்த வேகத்தை இன்ஜின் தருகிறது. அது நின்ற பிறகு உயரத்தைச் செலவழித்து நாமே வேகத்தை வாங்கிக்கொள்கிறோம். மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் விமானம் சீராகச் சறுக்கிக்கொண்டு இறங்கும். திரும்பலாம், வளையலாம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை) போடலாம். மறுபடி மேலே ஏறுவது மட்டும்தான் முடியாது.

விழுவது எப்போதென்றால், வேகத்தைக் காப்பாற்றாமல் மூக்கைத் தூக்கிப் பிடித்து ஸ்டால் (இறக்கை தாங்கும் திறனை இழக்கும் நிலை) ஆக்கும்போது. இந்தப் பக்கத்தில் உள்ள பாதி பதில்கள் ஏதோ ஒரு வழியில் இந்த விஷயத்துக்கே திரும்பி வரும்.

எவ்வளவு தூரம் போகும்? எவ்வளவு நேரம் கிடைக்கும்?

172-ன் சறுக்கு விகிதம் ஏறக்குறைய 9-க்கு 1, அதாவது 1 அடி இறங்குவதற்குள் 9 அடி முன்னே போகும். காற்றே இல்லாத நாளில், ஃபிளாப் போடாமல், 172-எஸ் விமானத்தை 68 நாட் (மணிக்கு 68 கடல் மைல்) வேகத்தில் வைத்தால் 1000 அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை கடல் மைல் கிடைக்கும். கிலோமீட்டரில் சொன்னால் 2.7. நிமிடத்துக்கு 750 அடி போல இறங்கும் என்று வைத்துக்கொண்டால், 3000 அடியில் இன்ஜின் நின்றவருக்கு 4 நிமிடம் இருக்கிறது. 1000 அடியில் நின்றவருக்கு 80 நொடி.

ஆல்டிமீட்டர் காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரம் என்பதை மறந்துவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். சேலம் பக்கம் நிலமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 அடி, கோயம்புத்தூரில் சுமார் 1300 அடி. அங்கே ஆல்டிமீட்டரில் 3000 என்று இருந்தால் கையில் இருப்பது 2000-க்கும் கீழேதான். பயிற்சிப் பகுதிக்குள் நுழையும்போதே அந்த நிலத்தின் உயரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்ல பழக்கம்.

68 நாட்-ங்கிறது எல்லா எடைக்கும் ஒண்ணுதானா?

இல்லை. அது முழு எடைக்கு, அதாவது 2550 பவுண்டுக்குச் சொன்னது. எடை குறையக் குறைய உகந்த கிளைடு (சறுக்கு) வேகமும் குறையும். 2100 பவுண்டில் 62 நாட் அளவுக்கு வந்துவிடும். தூரம் மட்டும் மாறாது. 152-க்கு 60 நாட், பழைய 172-என் மாடலுக்கு 65 நாட்.

எதிர்காற்று பலமாக இருந்தால் கொஞ்சம் வேகம் கூட்டிப் பறந்தால்தான் அதிக தூரம் போகலாம். பின்காற்றில் சற்றுக் குறைக்கலாம். தொடக்கப் பயிற்சியில் இந்த நுணுக்கங்களைத் தேடிப் போக வேண்டாம். கையேட்டு வேகத்தை ஐந்து நாட்டுக்குள் பிடித்து ட்ரிம் (கை அழுத்தம் இல்லாமலே அந்த வேகத்தில் நிற்கும்படி சரிப்படுத்துவது) செய்ய வந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது.

இன்ஜின் நின்னதும் முதல்ல என்ன? ரேடியோல சொல்லணுமா?

ரேடியோ கடைசி. முதலில் வேகம். பயண வேகத்தில், அதாவது 110 நாட்டில் நின்றிருந்தால் உடனே மூக்கைக் கீழே தள்ளாதீர்கள். உயரத்தைப் பிடித்தபடி வேகம் 68-க்கு இறங்கவிடுங்கள். மிச்சம் இருந்த வேகம் கொஞ்சம் உயரமாகவோ தூரமாகவோ மாறி உங்களிடமே திரும்பும். ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றால் நேர்மாறு. அங்கே வேகம் ஏற்கெனவே குறைவு, மூக்கு உயர்ந்து இருக்கிறது. தயங்காமல் உடனே தாழ்த்த வேண்டும். எந்த நிலையிலும் வேகம் பிடித்ததும் ட்ரிம் செய்துவிடுங்கள். ட்ரிம் செய்யாத விமானம், நீங்கள் வயல் தேடும் நேரத்தில் 85 நாட்டுக்கோ 55 நாட்டுக்கோ போய் நிற்கும்.

அடுத்தது இறங்கும் இடம். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, வயலைத் தேர்ந்து, அதை நோக்கித் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகுதான் இன்ஜினை எழுப்பும் முயற்சி. அதற்கும் பிறகு மேடே (ரேடியோவில் ஆபத்து அழைப்பு). பயிற்சியில் அதிகம் காணும் தவறு, கை உடனே சாவிக்கும் மிக்ஸருக்கும் (பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் குமிழ்) போய்விடுவதுதான். விமானம் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாமல் ஒரு நிமிடம், அதாவது 750 அடி, காணாமல் போய்விடும்.

பயிற்சியில இன்ஜினை நிஜமாவே அணைப்பாங்களா?

அணைக்கக் கூடாது. த்ராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் குமிழ்) மெதுவாக ஐடிலுக்கு (மிகக் குறைந்த ஓட்டம்) இழுப்பார்கள், அவ்வளவுதான். மிக்ஸரை இழுத்தோ, பெட்ரோல் வால்வை மூடியோ காட்டும் பயிற்றுநரிடம், அப்படிச் செய்ய வேண்டாம் என்று தரையிலேயே பேசிவிடுங்கள். போலியான செயலிழப்பு நிஜமான செயலிழப்பாக மாறுவதற்கு அதுவே குறுக்குவழி.

த்ராட்டிலை இழுப்பதற்கு முன்பு செய்யவேண்டியவை உண்டு. கீழேயும் சுற்றியும் வேறு விமானம் இருக்கிறதா என்று ஒரு வட்டம் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரே பயிற்சிப் பகுதியில் இன்னொருவரும் அதே வயலைக் குறிவைத்து இறங்கிக்கொண்டிருக்கலாம். கார்புரேட்டர் உள்ள விமானமென்றால் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் அமைப்பு) முதலில் போட வேண்டும். இறங்கும் வழியில் 500 அடிக்கு ஒருமுறை, அதிகபட்சம் 1000 அடிக்கு ஒருமுறை, த்ராட்டிலைச் சில நொடி திறந்து இன்ஜின் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மூட வேண்டும். நீண்ட நேரம் ஐடிலில் விட்டால் இன்ஜின் குளிர்ந்துபோகும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். மேலே எழவேண்டிய நேரத்தில் இருமிக்கொண்டு நிற்கும்.

நம்ம ஊர் வெயில்ல கார்புரேட்டர்ல எப்படி ஐஸ் பிடிக்கும்?

பிடிக்கும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைவதாலும், அங்கேயே பெட்ரோல் ஆவியாவதாலும் உள்ளே வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் சரிந்துவிடும். வெளியே 28 டிகிரி, காற்றில் ஈரப்பதம் நிறைய என்றால் உள்ளே உறைநிலை வந்துவிடலாம். த்ராட்டில் மூடியிருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். கடலோரத்தில், மழை விட்ட காலையில் செய்யும் கிளைடு பயிற்சிக்கு இவை எல்லாமே பொருந்தும். வெயில் ஊர் என்பதால் கார்ப் ஹீட்டைச் சடங்காக நினைக்காதீர்கள்.

172-எஸ் மாடலில் பெட்ரோல் இன்ஜெக்ஷன் இருப்பதால் இந்தப் பிடி இல்லை. 152-லும் பழைய 172-களிலும் உண்டு. இரண்டு வகையையும் மாற்றி மாற்றிப் பறப்பவர்கள்தான் மறக்கிறார்கள்.

மறுபடி ஸ்டார்ட் பண்ண என்னென்ன பார்க்கணும்?

172-எஸ் கையேட்டு வரிசை: பெட்ரோல் ஷட்-ஆஃப் வால்வு முழுவதும் உள்ளே, செலக்டர் (எந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் என்று தேர்வு செய்யும் திருகு) "போத்" (இரண்டும்) நிலையில், துணை பெட்ரோல் பம்ப் ஆன், மிக்ஸர் ரிச், இக்னிஷன் "போத்". விசிறி முழுவதுமாக நின்றிருந்தால் மட்டும் "ஸ்டார்ட்". விசிறி காற்றில் சுழன்றுகொண்டிருந்தால் ஸ்டார்ட்டருக்கு வேலையில்லை. பெட்ரோலும் தீப்பொறியும் கிடைத்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் உள்ள மாடலில் கார்ப் ஹீட்டை இந்த வரிசையின் தொடக்கத்திலேயே போடுங்கள். இன்ஜினில் சூடு மிச்சம் இருக்கும்போதுதான் அது ஐஸை உருக்கும்.

மனப்பாடம் மறந்துபோகும் என்று பயந்தால் கையை ஒரே திசையில் கொண்டுபோங்கள். தரையில் உள்ள செலக்டரில் தொடங்கி, மேலே மிக்ஸர், த்ராட்டில், அப்புறம் இடப்பக்கம் பம்ப், சாவி. மொத்தமும் 15 நொடிக்குள் முடிய வேண்டும். உயரம் 1000 அடிக்குக் கீழே வந்த பிறகு இன்ஜினைத் தேடிப் போகாதீர்கள். அதன் பிறகு கண் வயலிலும் வேகத்திலும் மட்டும் இருக்கட்டும்.

மேல இருந்து பார்த்தா எல்லா வயலும் ஒண்ணாத்தான் தெரியுது. எது நல்ல வயல்?

முதலில், தூரத்தில் தேடாதீர்கள். கண்ணுக்கு எட்டிய வயலெல்லாம் கிளைடுக்கு எட்டாது. விமானத்துக்குக் கீழும், இடப்பக்க ஜன்னல் வழியாகவும் தெரிவதில் தேர்ந்தெடுங்கள். எட்டுமா எட்டாதா என்று சந்தேகம் வந்த வயலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். காற்றை நோக்கிய நீளம், இறங்கும் பக்கத்தில் தடையின்மை, தரையின் கெட்டித்தன்மை, சரிவு என்று வரிசையாகப் பாருங்கள். சரிவு 2000 அடியிலிருந்து கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இருந்தால் அது மிகச் செங்குத்து. இறக்கத்தில் இறங்க வேண்டாம்.

தமிழ்நாட்டு நிலத்துக்கென்று சில விஷயங்கள் சொல்ல வேண்டும். நடவு முடிந்த நஞ்சை மேலிருந்து பச்சைக் கம்பளம் போல மயக்கும். உள்ளே சேறு, மேலே வரப்பு. முன்சக்கரம் புதைந்து விமானம் கவிழும். வெயில் படும்போது பச்சைக்கு நடுவே தண்ணீர் பளிச்சிட்டால் விட்டுவிடுங்கள். தை அறுவடைக்குப் பிறகு காய்ந்து வெடித்த தாள் நிலம் எவ்வளவோ மேல். ஆனால் அங்கும் வரப்பு இருக்கும். குறுக்கே வெட்டாமல், வரப்புக்கு இணையாக நீண்ட துண்டில் இறங்க வேண்டும். கடலை, எள் போட்ட புஞ்சை, உழாமல் கிடக்கும் தரிசு ஆகியவை நல்ல தேர்வு. உழுத நிலமென்றால் உழவுச்சால் போகும் திசையிலேயே இறங்குங்கள், பக்கக் காற்று கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை. கரும்பும் வாழையும் உயரமான பயிர்கள். வேறு வழியே இல்லையென்றால் பயிரின் உச்சியைத் தரையாக நினைத்து, அதன்மேல் மிகக் குறைந்த வேகத்தில் உட்கார வேண்டும். வற்றிய ஏரிப்படுகை மட்டமாகத் தெரியும். கிட்டப் போனால் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். கொங்குப் பகுதியில் கிளுவை வேலியும் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும் உண்டு. மேலிருந்து கிணறு ஒரு கறுப்புப் புள்ளி.

எல்லாவற்றையும்விட மின்கம்பி. கம்பி கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும். ஆகவே கம்பத்தைத் தேடுங்கள். பம்ப்செட் அறை தெரிந்தால் அதற்கு ஏதோ ஒரு பக்கமிருந்து கம்பி வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உயர்மின் கோபுரங்களுக்கு இடையே ஒரு கோடு போட்டுப் பார்த்து, வயல் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கமாக இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். பல்லடம், உடுமலை, ஆரல்வாய்மொழி பக்கமென்றால் காற்றாலைகளும் சேரும்.

காத்து எந்தப் பக்கம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

செங்கல் சூளைப் புகை, டிராக்டருக்குப் பின்னால் பறக்கும் புழுதி, தென்னை ஓலை சாயும் பக்கம். ஏரித் தண்ணீரில் அலையில்லாமல் கண்ணாடி போலத் தெரியும் கரை எதுவோ, அந்தக் கரையிலிருந்துதான் காற்று வருகிறது. எதுவுமே கிடைக்கவில்லையென்றால், புறப்பட்டபோது ரன்வேயில் எந்தத் திசைக் காற்று இருந்தது என்பது நினைவிருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே பறப்பவர்களுக்கு மேற்குக் காற்று என்பது யோசிக்கவே வேண்டாத விஷயம்.

இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? 50 நாட்டில் தரையைத் தொடும் விமானம் 10 நாட் எதிர்காற்றில் 40 நாட் தரைவேகத்தோடு வரும். அதே 10 நாட் பின்காற்றானால் 60. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் இரண்டேகால் மடங்கு வித்தியாசம். நல்ல வயலில் பின்காற்றோடு இறங்குவதைவிட, சுமாரான வயலில் எதிர்காற்றோடு இறங்குவதை நாங்கள் பெரும்பாலும் விரும்புவோம்.

ரோடு நேரா நீளமா இருக்கே, அதுல இறங்கினா என்ன?

வயல் இல்லாதபோது மட்டும் யோசிக்க வேண்டிய இடம். 172-ன் இறக்கை நீளம் 36 அடி, 11 மீட்டர். சாலையோரப் புளியமரம், குறுக்கே போகும் மின்கம்பி, நடுத்தடுப்பு, பெயர்ப்பலகை, இவற்றுக்கு நடுவே 11 மீட்டர் அகலம் கிடைப்பது அரிது. அதோடு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பைக்கில் போகிறவர் பின்னால் சத்தமில்லாமல் வரும் விமானத்தைக் கேட்க மாட்டார். உங்கள் பிரச்சினையை அவர் தலையில் இறக்கக் கூடாது.

எந்த உயரத்துல எங்க இருக்கணும்? இதுதான் எனக்குப் புரியவே இல்ல.

இந்தப் பயிற்சியின் இதயம் இதுதான். பரிச்சயமில்லாத வயலில் இறங்குவதை, பரிச்சயமான சர்க்யூட்டாக (ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும் செவ்வகப் பாதை) மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 1000 அடி உயரத்தில், டவுன்விண்டில் (இறங்கும் திசைக்கு நேரெதிராக, இணையாகப் பறக்கும் பகுதி), இறங்கும் இடத்துக்கு நேர் பக்கவாட்டில். வழக்கமான சர்க்யூட்டைவிடச் சற்று நெருக்கமாக, சுமார் அரை கடல் மைல் தள்ளி. அங்கே 1000 அடியோடு வந்துவிட்டால் மிச்சம் நீங்கள் நூறு முறை செய்த பேஸும் (குறுக்குப் பகுதி) ஃபைனலும் (இறங்கும் கடைசி நேர்ப்பாதை) தான்.

அதற்கு மேலே உயரம் இருந்தால் வயலுக்குப் பக்கத்திலேயே செலவழியுங்கள். 30 டிகிரி சாய்வில் ஒரு முழு வட்டத்துக்குச் சுமார் 600 அடி போகும். 2200 அடியில் வயலுக்கு மேலே வந்துவிட்டவர் இரண்டு வட்டம் போட்டால் 1000 அடிக்கு அருகில் வந்துவிடுவார். வட்டம் போடும்போது காற்று உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். வயலுக்குப் பின்காற்றுப் பக்கம் விலகிவிட்டால் திரும்பி வர எதிர்காற்றில் போராட வேண்டும். எப்போதும் வயலைக் கண்ணில் வைத்து, முடிந்தால் இடப்பக்கத் திருப்பமாகவே திரும்புங்கள்.

பேஸில் வந்ததும் கேள்வி ஒன்றுதான்: உயரம் அதிகமா, குறைவா? அதிகமென்றால் பேஸை வயலிலிருந்து சற்று விலக்கிப் பறக்கலாம். குறைவென்றால் உடனே வயலை நோக்கிக் குறுக்கே வெட்டலாம். செவ்வகம் போல அழகாகத் திரும்ப வேண்டும் என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

ஒரு தடவை வயலைத் தாண்டிப் போறேன், அடுத்த தடவை எட்டவே மாட்டேங்குது. ஏன்?

எட்டாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வயலின் விளிம்பையே குறிவைப்பது. முதலில் குறிவைக்க வேண்டியது வயலின் நடுப்பகுதி, அல்லது விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளே. அந்தப் புள்ளியை எட்டுவது உறுதி என்று தெரிந்த பிறகு ஃபிளாப் போட்டு, தொடும் இடத்தை விளிம்பை நோக்கி இழுத்துக்கொண்டு வரலாம். இருக்கும் உயரத்தைக் கழிக்க வழிகள் உண்டு, இல்லாத உயரத்தைச் சேர்க்க வழியே கிடையாது. அதனால் சற்று அதிகமாக வருவதே சரியான தவறு.

தாண்டிப் போகிறவர்கள் பயந்துபோய் மூக்கை வயலை நோக்கிக் கீழே குத்துகிறார்கள். வேகம் 68-லிருந்து 85-க்குப் போகிறது. உயரமாக இருந்த ஆற்றல் வேகமாக மாறியதே தவிர கழியவில்லை. தரைக்கு மேலே மிதந்துகொண்டே வயலின் மறுகோடிக்குப் போய்விடுவார்கள். வேகத்தை மாற்றாமல் ஃபிளாப், அது போதாவிட்டால் ஸ்லிப் (விமானத்தைப் பக்கவாட்டாகச் சறுக்கவிட்டு உயரத்தைக் கழிப்பது), அல்லது ஃபைனலில் வளைந்து வளைந்து வருவது, இவைதான் வழி. 172-ல் ஃபிளாப் போட்டபடி ஸ்லிப் செய்வதைத் தவிர்க்கச் சொல்லும் வாசகம் பல மாடல்களின் பலகையில் உண்டு. உங்கள் விமானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

எட்டாது போல இருந்தா மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா என்ன?

இந்த ஆசைதான் உயிரை எடுக்கிறது. உகந்த கிளைடு வேகத்துக்குக் கீழே போனால் இழுவிசை கூடி, விமானம் இன்னும் செங்குத்தாக இறங்கும். தூக்கிய முதல் இரண்டு நொடி மட்டும் மேலே போவது போலத் தோன்றும், அந்தத் தோற்றம்தான் ஏமாற்றுகிறது. எட்டாதென்று தெரிந்தால் வயலுக்கு முன்னால் இருக்கும் ஏதாவது ஒன்றில், கட்டுப்பாட்டோடு இறங்குங்கள்.

45 நாட்டில் வேலியில் மோதும் விமானம் சில மீட்டர் தூரத்தில் சீராக நின்றால் பெல்ட் போட்டவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். கணக்குப்படி 9 ஜி (புவியீர்ப்பைப் போல 9 மடங்கு) அளவில் நிற்க 3 மீட்டர் போதும். 65 நாட்டில் அதற்கு 6 மீட்டருக்கு மேல் வேண்டும். ஸ்டால் ஆகி மூக்கு குத்தி விழும் விமானத்துக்கு அந்த மூன்று மீட்டர் கிடைப்பதில்லை. இறக்கை பிய்ந்தாலும் சக்கரம் உடைந்தாலும் போகட்டும், உட்கார்ந்திருக்கும் கூடு முழுதாக இருந்தால் போதும்.

ஃபிளாப் எப்போ போடணும்?

வயல் கைக்குள் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு. பேஸில் 10 டிகிரி, ஃபைனலில் 20, கடைசியாக 30 என்று படிப்படியாக. 172-எஸ் கையேடு ஃபிளாப் இல்லாமல் 70 நாட், ஃபிளாப்போடு 65 நாட் என்கிறது. ஒருமுறை போட்ட ஃபிளாப்பைத் தாழ்வான உயரத்தில் எடுத்தால் விமானம் சடாரென்று அமுங்கும். எடுக்கவே வேண்டாம்.

இறங்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஏன் அணைக்கணும்?

தீப்பிடிக்காமல் இருக்க. மிக்ஸர் கட்-ஆஃப், பெட்ரோல் ஷட்-ஆஃப், இக்னிஷன் ஆஃப். மாஸ்டர் சுவிட்ச் கடைசி, ஏனென்றால் 172-ன் ஃபிளாப் மின்மோட்டாரில் இயங்குகிறது. மாஸ்டரை முதலில் அணைத்துவிட்டு ஃபிளாப்பைத் தட்டினால் எதுவும் நடக்காது, ரேடியோவும் போய்விடும். தரையைத் தொடுவதற்கு முன்பே கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிட வேண்டும். மோதலில் சட்டம் கோணினால் கதவு சிக்கிக்கொள்ளும். பெல்ட்டை இறுக்குங்கள், சட்டைப் பையில் இருக்கும் பேனாவை எடுத்துவிடுங்கள். தொடும்போது வால் சற்றுத் தாழ்ந்து, மூக்குச் சக்கரம் கடைசியாக இறங்கட்டும். பயிற்சியில் இவற்றை வாயால் சொல்லி விரலால் தொட்டுக் காட்டினால் போதும், சுவிட்சைத் திருப்பக் கூடாது.

மேடேல என்ன சொல்லணும்?

"மேடே" மூன்று முறை, அழைப்புக்குறி, இன்ஜின் செயலிழந்தது, எங்கே இருக்கிறேன், எந்த உயரம், எங்கே இறங்கப் போகிறேன், எத்தனை பேர். பேசிக்கொண்டிருந்த அலைவரிசையிலேயே சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் 121.5 (அவசர அலைவரிசை). டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் கருவி) 7700. ஊர்ப்பெயர் தெரியாவிட்டால் "ஓமலூருக்கு வடக்கே பத்து கிலோமீட்டர், ரயில் பாதை ஓரம்" என்ற மாதிரி சொன்னாலே தேடி வருகிறவர்களுக்கு உதவும். உயரம் இருக்கும்போதே பேசிவிடுங்கள், கீழே போகப் போக எட்டாது.

பயிற்சியில எவ்வளவு கீழ வரைக்கும் போகலாம்?

மக்கள் நெருக்கமில்லாத இடத்தில் குறைந்தபட்சம் 500 அடி என்பதுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பொதுவிதி. நெருக்கமான இடத்தில் விமானத்திலிருந்து 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயரமான தடைக்கு மேல் 1000 அடி. உங்கள் நாட்டு விதியும் பயிற்சிப் பள்ளியின் விதியும் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். 500 அடி வந்ததும் வயல் எட்டுமா எட்டாதா என்பது தெளிவாகத் தெரிந்துவிடும், பயிற்சியின் நோக்கம் அங்கேயே நிறைவேறிவிட்டது. அதற்குக் கீழே போகவேண்டுமென்றால் விமான நிலையத்தின் ரன்வேயில், டவரின் அனுமதியோடு செய்யுங்கள்.

மேலே எழும்போது வரிசை முக்கியம்: த்ராட்டில் முழுவதும் சீராகத் திறப்பது, கார்ப் ஹீட் மூடுவது, மூக்கை ஏறும் நிலைக்கு உயர்த்துவது, ஃபிளாப்பை 20-க்குக் கொண்டுவருவது, பிறகு வேகம் கூடக் கூட மிச்சத்தை எடுப்பது. மூக்கு மேலே தாவும், பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ட்ரிம் இன்னும் கிளைடுக்குத்தான் இருக்கிறது.

ரன்வேல இருந்து எழுந்ததுமே நின்னுட்டா திரும்பி வந்துடலாமே?

180 டிகிரி திரும்பினால் ரன்வேக்கு இணையாக வேறு பாதையில்தான் இருப்பீர்கள். நடுக்கோட்டுக்கு வர மறுபடி எதிர்ப்பக்கம் திரும்பவேண்டும். மொத்தத் திருப்பம் 270 டிகிரியை நெருங்கும். 45 டிகிரி சாய்வில், 68 நாட்டில் இதற்குச் சுமார் 17 நொடி, 350 அடி. இது காகிதக் கணக்கு. நின்றதை மூளை ஏற்றுக்கொள்ள எடுக்கும் நாலைந்து நொடி, ஏறும் நிலையிலிருந்து மூக்கைத் தாழ்த்துவது, தரைக்கு மேல் நிமிர்த்துவது எல்லாம் சேர்ந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும். 172-எஸ் மாடலின் 48 நாட் 57 ஆகிவிடும். 68-க்கும் 57-க்கும் இடையே இருப்பதுதான் உங்கள் உயிர். பயத்தில் ஸ்டிக்கை இழுத்தால் அது போய்விடும். திரும்பி வந்தால் பின்காற்றில் வேறு இறங்க வேண்டும்.

ஆகவே தாழ்வான உயரத்தில் நேராக, அல்லது இருபக்கமும் 30 டிகிரிக்குள், எது கிடைக்கிறதோ அதில் இறங்குங்கள். எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதை உங்கள் விமானத்தில், 3000 அடி மேலே, பயிற்றுநரோடு செய்து பார்த்து, எத்தனை அடி போயிற்று என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு தாராளமாகக் கூட்டி, ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கு முன்பும் சத்தமாகச் சொல்லுங்கள்: "இந்த உயரத்துக்குக் கீழே நேராக, அதோ அந்தத் தரிசில்."

ஹட்சன் ஆத்துல இறக்கினாங்களே, நாமளும் ஏரியில இறக்கலாமா?

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் இறங்கியது ஏர்பஸ் ஏ320. சக்கரங்களை உள்ளே மடக்கி, வழவழப்பான வயிற்றால் தண்ணீரைத் தொட்டது. அதில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். 172-ன் சக்கரம் மடங்காது. அது தண்ணீரில் மாட்டி மூக்கு குத்தும், பல நேரம் தலைகீழாகக் கவிழும். எட்டும் தூரத்தில் ஓரளவு தட்டையான நிலம் எதுவாக இருந்தாலும் அதுவே மேல். கடலோரமாகப் பறக்கும்போது நிலத்தை கிளைடு தூரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில வர்ற கிளைடும் நிஜத்துல வர்றதும் ஒண்ணா?

ஒன்றல்ல. ஐடிலில் சுழலும் இன்ஜின் கொஞ்சம் உந்துதல் தந்துகொண்டுதான் இருக்கிறது. நிஜமாக நின்ற பிறகு காற்றே விசிறியைச் சுழற்ற வேண்டும், அது பிரேக் போல இழுக்கும். அதனால் நிஜத்தில் சற்றுச் செங்குத்தாக இறங்குவீர்கள். மேலே சொன்ன "நடுப்பகுதியைக் குறிவை" என்ற பாடத்துக்கு இதுவும் ஒரு காரணம். விசிறி முழுவதுமாக நின்றுவிட்டால் இழுவை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதை நிறுத்த ஸ்டால் வரை வேகத்தைக் குறைக்க வேண்டும். கிடைப்பதைவிடப் போவது அதிகம்.

இன்ஜின் முழுசா நிக்காம, பாதி சக்தியோட ஓடுனா?

முழுவதும் நிற்பதைவிட இதுதான் குழப்பமானது. நின்றால் முடிவு தெளிவு. பாதி ஓடினால் "எப்படியாவது ரன்வேக்குப் போய்விடலாம்" என்ற நம்பிக்கை வரும். டேக்-ஆஃபுக்குப் பிறகு ஒற்றை இன்ஜின் விமானங்களுக்கு நேர்ந்தவற்றை ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தொகுத்தது. 2000 முதல் 2010 வரை சக்தி ஓரளவு குறைந்த நிகழ்வுகள் 242, அவற்றில் 9 உயிர்ப்பலியில் முடிந்தன. முழுவதும் நின்றவை 75, அவற்றில் உயிர்ப்பலியே இல்லை. வித்தியாசம் இன்ஜினில் இல்லை, ஓட்டுபவர் வேகத்தை விட்டுக்கொடுத்ததில் இருக்கிறது.

செய்ய வேண்டியது: அடுத்த நிமிடமே நிற்கப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தைத் தக்கவைக்க முடியாவிட்டால் மூக்கைத் தூக்கிப் பிடிக்காமல் கிளைடு வேகத்தில் இறங்கவிடுங்கள். மிச்சமிருக்கும் சக்தியால் இறக்கம் மெதுவாகும், அது போதும். 15 நொடிக் காரணத் தேடலை ஒருமுறை செய்யுங்கள், கார்ப் ஹீட்டும் செலக்டரும் முதலில். த்ராட்டிலை ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், ஓடும் நிலையிலேயே விடுங்கள். வயலிலிருந்து வயலுக்கு, எப்போதும் ஏதோ ஒன்று கிளைடு தூரத்துக்குள் இருக்கும்படி பறந்து, அந்த 1000 அடிப் புள்ளிக்கு வந்துவிட்டால் மிச்ச சக்தியை நம்பாமல், இன்ஜின் இல்லை என்று வைத்தே இறங்குங்கள். வயல் எட்டுவது உறுதியான பிறகு த்ராட்டிலை நீங்களே மூடிவிடுங்கள். ஃபைனலில் அது திடீரென்று முழுச் சக்தியோடு உயிர் பெற்றாலும், முடிவை மாற்றாதீர்கள்.